அணில்கள் பல் கொண்டுவந்த வருசம்

நாவலடிமோட்டையில் அணில்கள் பற்களைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும், உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் பெண்கள் தேங்காய் துருவ உட்காருகிற நேரம். முதல் பல் மங்களத்தின் குசினி யன்னலுக்கு வந்தது. கொண்டுவந்த அணில் அதை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஏதோ கையெழுத்துக்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு போனது. மங்களம் பல்லை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் மஞ்சள் கறை படிந்த சின்ன முன்பல், அவளுடைய மூத்தவன் ஆறு வயதில் மூன்று நாள் நாக்கால் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியது. அவனை அவள் கடைசிச் சண்டையில் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்திருந்தாள். படியில் குந்தியிருந்து அழுது முடித்து, மூக்கைச் சீறி, பிறகுதான் சோறு குழைந்துபோனதைக் கண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் கஞ்சி குடித்தார்கள்.

பல் விழுந்த பிள்ளை அதைக் கூரைமேல் எறிந்து, என் பல்லை எடுத்துக்கொண்டு உன் பல்லைத் தா என்று அணிலிடம் கேட்பது அந்த ஊர் வழக்கம். அணிலும் கொடுத்தது, முளைக்காத பல் என்று எந்தப் பிள்ளைக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பற்கள் விழுந்த கூரை ஒன்றுகூட இப்போது ஊரில் இல்லை. கிடுகுக் கூரைகள் எரிந்தன, ஓட்டுக் கூரைகள் நொறுங்கின. சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எட்டு இடம் ஓடி, எட்டு இடத்திலும் பதுங்குகுழி வெட்டி, முள்ளுக்கம்பிக்குள் ஒரு மாரி முழுக்க இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தகரக் கூரை போட்டுக்கொண்டு நாலு வருசமாகிறது. இத்தனை காலமும் அணில்கள் அந்தப் பற்களை எங்கே வைத்திருந்தன என்று கேட்ட ஒரே ஆள் கிராம சேவையாளர். அவர் கேட்டதும் தன் கடமைக்காகத்தான். அவருடைய பதிவேட்டில் இறந்தவருக்கு ஒரு நிரல், காயப்பட்டவருக்கு ஒரு நிரல், காணாமற்போனவருக்கு ஒரு நிரல் இருந்தது, பல்லுக்கு இல்லை. 'ஏனையவை' என்ற இடத்தில் எழுதிக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு கிழமை போதுமாயிருந்தது. இதைவிட மோசமானவற்றுக்கெல்லாம் பழகிய ஊர். காலை எட்டிலிருந்து பகல் பன்னிரண்டுவரை பூனைகளைக் கூடையால் மூடி வைப்பதென்று மாதர் சங்கம் தீர்மானம் போட்டது. பூனைகள் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கவண் வைத்திருந்தவர்கள் ரப்பரைக் கழற்றினார்கள். பெண்கள் யன்னல் கட்டுகளைக் கழுவித் துடைத்து, ஒரு சிரட்டையில் வாழைப்பழத் துண்டும் கச்சான் கடலையும் வைத்துவிட்டு, வேலை செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள். வியாழக்கிழமைகளில் பிள்ளைகளின் பல் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பல்லு மிஸ், இது மேல் முன்பல், இது கீழ்க் கடைவாய் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். யாருடையது என்று மட்டும் அவர் சொல்லவில்லை, அதைத் தாய்மார் அவரைக் கேட்கவுமில்லை.

பல் வந்த முதல் இருபது வீடும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளாய் இருந்தன. ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: இனித் தேவையில்லாத பல்லைத்தான் அணில் திருப்பித் தருகிறது. பல் வந்தால் பிள்ளை இல்லை.

அந்த ஊரில் அணிலைக் கண்டால் விளக்குமாற்றோடு ஓடியவள் கனகேஸ்வரி ஒருத்திதான்.

அவளுக்கும் அவளுடைய புருசன் செல்லத்துரைக்கும் ஒரே பிள்ளை, கோகிலவாணி. கடைசி வருசத்தில், பதினாறு வயதில், பாண் வாங்கப் போனவளை ஒரு வாகனம் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவளைக் கண்டேன் என்று சொன்னவர்கள் நாலு பேர், நாலு பேரும் நாலு இடம் சொன்னார்கள். கனகேஸ்வரி ஏறாத அரச கந்தோர் இல்லை, நிற்காத வரிசை இல்லை. செல்லத்துரை அந்தப் பகுதியின் தபாற்காரர், ஒரு நாளைக்குப் பதினெட்டு மைல் சைக்கிள் மிதிக்கிறவர், அதிகம் கதைக்காத மனுசன். ஐந்தாம் வருசம் அவர் வவுனியாவுக்குப் போய், பிள்ளையின் பள்ளிக்கூட அட்டைப் படத்தைப் பெருப்பித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடவே சந்தனச் சீவல் மாலை ஒன்றும் வாங்கிவந்து, பையோடு அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"உதென்ன?" என்றாள் கனகேஸ்வரி.

"அஞ்சு வருசமப்பா. பிள்ளைக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி இறைக்கேல்லை நாங்கள். எங்கையோ தாகத்தோட நிக்கிறாளோ எண்டு எனக்குச் சோறு இறங்குதில்லை."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத் தண்ணி இறைச்ச பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுவியள்? மாலையைப் போட்டால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

இரண்டு பேரும் பிள்ளைமேல் வைத்த ஆசையில்தான் சண்டை பிடித்தார்கள், அதனால் அந்தச் சண்டை முடிகிற சண்டையாய் இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் பற்கள் வரத் தொடங்கின. செல்லத்துரை ஒருநாள் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு வந்து சொன்னார்:

"வாணியின்ர பல்லு வந்தால் மாலையைப் போடுவம். வரேல்லையெண்டால் நான் இதைப்பற்றி இனி வாய் திறக்கமாட்டன்."

கனகேஸ்வரி பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று சரி என்றாள். அவள் சொன்ன சொல் மாறாதவள், அது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். பல் வந்தால்தானே மாலை? வேலியில் ஒரு வால் தெரிந்தால் போதும், ஓடுவாள். மாமரத்தில் 'கிச் கிச்' என்றால் கல்லைப் பொறுக்குவாள். பக்கத்து வீட்டுக்காரி பழம் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருக்க, இவள் கறியை அடிப்பிடிக்க விட்டுவிட்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊர் சிரித்தது, ஆனால் அவளுக்குக் கேட்கும்படி ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நாலாம் கிழமை ஈஸ்வரி வீட்டுக்குப் பல் வந்தது. ஈஸ்வரியின் மகள் சுவிஸில் இருக்கிறாள், கலியாணம் கட்டி இரண்டு பிள்ளை. ஈஸ்வரி தலையிலடித்துக் குளறிக்கொண்டு போனைப் போட்டால், மகள் அந்தப் பக்கம் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, "என்னம்மா, இப்பத்தான் வேலையால வந்து சாப்பிட இருந்தனான், ஏன் குளறுறியள்?" என்றாள். ஊர் கொஞ்சம் குழம்பியது. பிறகு, இருபதுக்கு ஒன்றுதானே, அந்த அணில் விலாசம் மாறி வந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பழைய முடிவிலேயே நின்றது. செல்லத்துரையும் அப்படித்தான் நின்றார். கனகேஸ்வரியும், பயத்தில், அப்படித்தான் நின்றாள்.

மாசி பிறந்து மூன்றாம் நாள் அவள் பானையை இறக்கத் திரும்பிய அரை நிமிசத்தில் அணில் வந்து வைத்துவிட்டுப் போய்விட்டது. யன்னல் கட்டில் வெள்ளையாய் ஒன்று. கனகேஸ்வரி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இருந்தபடியே கையை மேலே நீட்டித் தடவி எடுத்தாள். எடுத்துப் பார்த்தவள் சிரித்தாள், ஐந்து வருசத்துக்குப் பிறகு, பக்கத்து வளவுக்குக் கேட்கச் சிரித்தாள். சவரம் செய்துகொண்டிருந்த செல்லத்துரை அரை முகச் சோப்போடு ஓடிவந்தார். அது வாணியின் பல் இல்லை. வாணி சின்னதிலேயே கிணற்றுக்கட்டில் விழுந்து பால் முன்பல்லின் மூலை பிறைபோல உடைந்தவள். இது இரண்டு பல் ஒன்றாய் ஒட்டி முளைத்த ஒட்டுப் பல்.

சிரிப்பு அடங்கியபிறகு அவளுக்கு வேறொரு கவலை பிடித்தது. அப்படியென்றால் இது யாருடையது? முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வீடாய்ப் போனாள். ஒட்டுப் பல்லோடு ஒரு பிள்ளை ஊரில் ஒருத்தருக்கும் இருந்ததில்லை.

"இது எங்கட ஆக்களின்ர இல்லை," என்றாள் மங்களம். "இந்தச் சுற்றுவட்டாரத்தில எத்தினை ஆமிக்காரப் பொடியள் நிண்டு செத்தவங்கள். அதில ஒண்டின்ரயாய் இருக்கும். தூக்கி எறியணை."

"எறியிறதோ? ஒருத்தி ஆட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து, அழப்பண்ணாமல் கழட்டின பல்லெல்லோ," என்றாள் கனகேஸ்வரி. மங்களம் முற்றத்தைக் கூட்டினாள்.

கனகேஸ்வரி அந்தப் பல்லை வாணியின் தோட்டுப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினாள். அவளுடைய வீட்டுக் கதை பஸ் கொண்டக்ரர் வாயில் ஏறியது, கொண்டக்ரர் வாயில் ஏறிய கதை மதவாச்சிவரை போனது, அங்கே சிங்களத்துக்கு மாறி இன்னும் கொஞ்சத் தூரம் போனது.

பங்குனியில் ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி தலையில் முக்காடும் இடுப்பில் சீலைப் பொட்டணியுமாய் வந்த பரீதா. மன்னாரில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துச் சொந்த ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டு, அன்றிலிருந்து புத்தளத்தில் இருப்பவள்; சண்டை முடிந்தபிறகு இந்தப் பக்கம் சீலை விற்க வருவாள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவள். மற்றவள் வெள்ளைச் சட்டை போட்ட, நரைத்த கொண்டை போட்ட ஒரு சிங்களப் பெண். ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, மற்றக் கையில் குடை.

"அக்கா, இவ குசுமாவதி," என்றாள் பரீதா, கனகேஸ்வரியின் முற்றத்தில் நின்று. "கெக்கிராவைக்கு அங்கால ஊர். நான் அங்கயும் சீலை கொண்டு போறனான். இவட ரெண்டாவது மகன் ஆமியில இருந்து காணாமப் போனவன். அங்கயும் அணில் பல்லுக் கொண்டு வருது. ஊரில எல்லாருக்கும் வந்திட்டுது, இவக்கு மட்டும் வரல்ல. உங்கட ஒட்டுப் பல்லுக் கதையக் கேட்டுத்தான் வந்தவ."

"அங்கயும் கூரையிலயோ எறியிறவை?" என்றாள் கனகேஸ்வரி.

பரீதா கேட்டுச் சொல்வதற்குள் முற்றத்தில் ஒரு அணில் ஓடியது. குசுமாவதி குடையால் அதைக் காட்டி, "லேனா" என்றாள், பிறகு குனிந்து ஒரு கல்லை எடுப்பதுபோல் எடுத்து, கூரைமேல் எறிவதுபோல் எறிந்து, சின்னப் பிள்ளையின் குரலில் ராகமாய் ஏதோ சொன்னாள். கனகேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவள் என்ன கேட்டாள் என்பது முழுதாய் விளங்கியது. ஒரே அணிலிடம்தான் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கின்றன.

தோட்டுப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். குசுமாவதி ஒட்டுப் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், விரல்களை மூடினாள், மூடிய கையை மூக்கில் வைத்து மணந்தாள். அழவில்லை. பிறகு ஏதோ சொல்லி இலேசாய்ச் சிரித்தாள்.

"இந்தப் பல்லாலதான் தமையனைக் கடிச்சு வைச்சவனாம். தழும்பு இப்பவும் இருக்காம்," என்றாள் பரீதா.

செல்லத்துரை அன்றைக்குக் கடிதம் குறைவென்று வேளைக்கே வந்து, உரலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இருப்பதைக் கண்டதும் குசுமாவதி குரலைத் தாழ்த்தி, கனகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். பரீதாவுக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூத்த மகன், தம்பியின்ர பேரில பிக்குமாருக்குத் தானம் குடுத்து முடிச்சிடுவம் எண்டு நிக்கிறானாம். இவ விடல்ல. பல்லு வந்தாப் புள்ள மவுத்தாப் போச்செண்டுதான் அங்க கதை. இஞ்ச நீங்க என்ன சொல்றீங்க எண்டு கேக்கிறா."

ஊரின் முடிவு அவளுக்குத் தெரியும், அதற்குப் பயந்துதான் இரண்டு மாதமாய் விளக்குமாறும் கையுமாய் ஓடினாள். ஆனால் தன் கையைப் பிடித்திருக்கிற அந்தக் கைக்கு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அது இரக்கத்தால் மட்டும் அல்ல. யோசித்துப் பார்த்தால் அது உண்மையும் இல்லை என்று அந்த நேரத்தில்தான் அவளுக்கே பட்டது.

"பரீதா, சொல்லு அவவுக்கு. இஞ்ச ஈஸ்வரியின்ர மகளின்ர பல்லும் வந்தது. அவள் சுவிஸில வாய் நிறையச் சாப்பாட்டோட இருந்து தாயைப் பேசினவள். மங்களத்தின்ர பொடியன்ர பல்லும் வந்தது, அவனை அவள் புதைச்சவள். ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் அணில் வந்தது. பல்லுக்கு ஒண்டும் தெரியாது, அக்கா. அணிலுக்கும் தெரியாது. தன்னட்ட இருந்ததை அது கொண்டு வருது, அவ்வளவுதான். பயந்த நாங்கள்தான் அதுக்கு ஒரு கருத்துச் சொன்னனாங்கள்."

உரலில் இருந்த செல்லத்துரை தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

பரீதா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்து அடைத்தாள், அப்படியும் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருசமாய் இந்த ஊருக்குச் சீலை கொண்டுவந்தவள், ஒருநாளும் இந்தக் கதையைச் சொன்னதில்லை.

"என்ர புள்ளைக்கு ஏழு மாசம், அக்கா. மன்னாரை விட்டு வள்ளத்தில போகேக்க காய்ச்சல். ஈறு தடிச்சு, வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சுது, நான் விரலால தடவிப் பாத்தனான். அடுத்த நாள் முளைச்சிருக்கும். கல்பிட்டியில இறங்கேக்க புள்ள இல்ல. உங்களுக்காவது எறியிறதுக்குப் பல்லு இருந்திச்சு. எனக்கு எந்த அணில் என்னத்தக் கொண்டு வரும்?"

கனகேஸ்வரி எழுந்து குசினிக்குள் போனாள், அரிசிமாப் பேணி திறக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு முதல் பல் தெரிந்தால் அந்தப் பக்கத்தில் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலச் சீவி விளிம்பில் குத்தி, பிள்ளையை இருத்தி வெள்ளைத் துணியால் மூடி, அதன் தலையில் சொரிவார்கள். மன்னாரில் பிறந்த பரீதாவுக்கு அது தெரியும், ஆகவே மாக் குழைக்கும் மணம் வந்ததும் அவள் எழுந்துபோய், "வேணாம் அக்கா, புள்ள இல்லாம யாரிட தலையில கொட்டுறது?" என்றாள்.

"உன்ர தலையில," என்றாள் கனகேஸ்வரி.

குசுமாவதி கேட்காமலே துருவலைப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவினாள். செல்லத்துரை பேனாக்கத்தியை எடுத்து வந்து, வாணிக்குப் பிறகு இருபது வருசமாய்ச் செய்யாத வேலையை, ஒவ்வொரு சொட்டாய், கோணாமல் சீவிச் செய்தார். ஆவி பறக்கிற மணத்துக்கு மங்களம் வந்தாள், ஈஸ்வரி வந்தாள், வேலிக்கு வேலி செய்தி போய் முற்றம் நிறைந்தது. பரீதாவின் பொட்டணியிலிருந்தே ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவளைப் பாயில் இருத்தி மூடினார்கள். புள்ளைக்கு என்ன பேர் என்று மங்களம் கேட்டாள். "ஸஹ்ரா," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது, அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் சொரிந்தார்கள். ஐம்பது வயதுக்காரியின் தலையிலிருந்து கொழுக்கட்டைகள் பாயில் உருண்டன. துணிக்குள் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. மாமரத்திலிருந்து இறங்கிய ஒரு அணில் பாய் விளிம்பிலிருந்த கொழுக்கட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. கனகேஸ்வரி அதைத் துரத்தவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் விருந்தாளிகள் போனார்கள். குசுமாவதி மூத்த மகனுக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று சொல்லவில்லை, ஆனால் கையைக் காட்டி, பத்து விரலையும் விரித்து, சித்திரை பிறந்து பத்தாம் நாள் வருவேன் என்பதாய் ஏதோ சொன்னாள். பரீதா அதை மொழிபெயர்க்க மறந்து யன்னலோரம் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் கனகேஸ்வரி விளக்குமாற்றை எடுக்கவில்லை. யன்னல் கட்டைத் துடைத்து, சிரட்டையில் பழம் வைத்து, அரிசியை உலையில் போட்டாள். பத்து மணிக்கு அணில் வந்தது. மூலை பிறைபோல உடைந்த பல். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், ஆறு வயது வாணியின் எச்சில் மணம்கூட அதில் இருப்பதாய்ப் பட்டது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது ஆசைதான், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற ஆசை, அது வலித்தது. பிறகு, சொன்ன சொல் சொன்னதுதான் என்று, தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த செல்லத்துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வந்திட்டுது. நான் சொன்ன சொல்லில நிக்கிறன். நீங்கள் என்ன செய்தாலும் சரி."

செல்லத்துரை பல்லை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே கையை விட்டுப் பையை இறக்கினார். படத்தை மட்டும் எடுத்துச் சுவரில் தொங்கவிட்டார். மாலையைப் பையோடு திரும்ப வைத்தார். முற்றத்துக்கு இறங்கி, அணிலைத் தேடிக் கண்டுபிடித்து, முப்பது வருசமாய் வாசல்களில் நின்று கதைக்கிற அந்தக் குரலில் சொன்னார்:

"இது கோகிலவாணியின்ர பேருக்கு வந்தது. அவவின்ர கையிலதான் குடுக்கவேணும், எங்களிட்டத் தரேலாது. ஆள் வீட்டில இல்லை. நாளைக்குத் திரும்பக் கொண்டு வா."

பல்லைத் தகரத்தின்மேல் எறிந்தார். அது 'டங்' என்று விழுந்து உருண்டது.

மறுநாள் அணில் பல்லோடு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. செல்லத்துரை எந்தத் தெருவில் நின்றாலும் பத்து மணிக்குச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பல்லை வாங்கி, பிறையைத் தடவிப் பார்த்து, இன்னும் வரவில்லை என்று சொல்லித் திருப்பி எறிந்துவிட்டுப் போவார். ஊர் அவருக்காகக் கடிதங்களைக் கொஞ்சம் பிந்தி வாங்கப் பழகிக்கொண்டது. மாரி வந்தது, குளம் நிரம்பியது. அணில் ஒரு நாளும் பிந்தவில்லை.